மின்வாகன ஆராய்ச்சிக்கு அரசு நிதி: கேள்வியில் தொடங்கி கணக்கு முடிக்கும் வரை

மே மாத மதியம். எங்கள் கல்லூரி வாசலில் வெயிலில் நின்றிருந்த ஒரு மின் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டிக்குள் மாணவர்கள் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் ஒயர்களை விட்டு வைத்திருந்தார்கள். வண்டி ஓடவில்லை, சார்ஜும் ஏறவில்லை, சும்மா நின்றது. இரண்டு மணிக்கெல்லாம் பேட்டரி செல்லின் மேற்பரப்பு 45 டிகிரியைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான லித்தியம் அயனி செல்களின் டேட்டாஷீட்டில் சார்ஜ் ஏற்ற அனுமதிக்கும் உச்ச வெப்பமே 45 டிகிரிதான். அப்படியென்றால் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து ப்ளக்கைச் செருகுபவரின் பேட்டரிக்கு என்ன ஆகும்? பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பான பிஎம்எஸ் சார்ஜைத் தடுக்க வேண்டும், இல்லையென்றால் செல்லின் ஆயுள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இப்படி ஒரு கேள்வியோடு போனால் அரசு பணம் தரும். "மலிவு விலையில் மின் ஸ்கூட்டர் உருவாக்கப் போகிறோம்" என்று போனால் தராது. எங்கள் முதல் விண்ணப்பம் இரண்டாவது வகை. அது திரும்பி வந்தபோது கூடவே வந்த மதிப்பீட்டாளர் குறிப்பில் இரண்டே வரி: புதிய அறிவு எது, அதை எப்படி அளப்பீர்கள்? அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அடுத்த விண்ணப்பத்தை எழுதினோம், அது தேறியது. கல்லூரி ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், சிறு நிறுவனம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் உதவும் என்று நம்பி, கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எது ஆராய்ச்சிப் பணம் என்று பிரித்துப் பாருங்கள்

மின்வாகனம் என்றதும் செய்தித்தாளில் வரும் பெரிய தொகைகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கானவை கிடையாது. 2015 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டம், 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயோடு வந்த இரண்டாம் ஃபேம், 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயோடு வந்த பிஎம் இ-டிரைவ் எல்லாமே முதன்மையாக வாங்குபவருக்கான விலைச் சலுகை, பேருந்துகள், சார்ஜிங் நிலையங்கள் ஆகியவற்றுக்கானவை. பேட்டரி செல் உற்பத்திக்கான 18,100 கோடி ரூபாய் பிஎல்ஐ எனும் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும் தொழிற்சாலை கட்டி உற்பத்தி செய்பவருக்குத்தான். முதல் ஃபேமில் மட்டும் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கென்று ஒரு பகுதி இருந்தது. பிஎம் இ-டிரைவில் சோதனை நிறுவனங்களை நவீனமாக்க 780 கோடி ரூபாய் இருக்கிறது. அது நம் கைக்கு வராது, ஆனால் நம் பொருளைச் சோதிக்கும் இடங்கள் வளரும்.

ஆராய்ச்சிக்கான பணம் வரும் முக்கிய வாசல் இப்போது ஏஎன்ஆர்எஃப் எனப்படும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. செர்ப் எனப்பட்ட பழைய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதற்குள் அடங்கிவிட்டது. இன்னமும் பலர் "செர்ப்புக்கு எழுதியிருக்கிறேன்" என்றே சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது இதைத்தான்.

இதன் கீழ் 2024இல் வந்ததுதான் மஹா-இவி. நாட்டுக்கு உடனடியாகத் தேவைப்படும் துறைகளைக் குறிவைக்கும் 'மஹா' வரிசையில் முதலில் எடுத்துக்கொண்டது மின்வாகனத்தை. மூன்றே பிரிவுகள்: வெப்பமண்டலத்துக்கு ஏற்ற பேட்டரிகளும் செல்களும்; பவர் எலெக்ட்ரானிக்ஸ், மோட்டார், டிரைவ்கள்; சார்ஜிங் கட்டமைப்பு. 'வெப்பமண்டலம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குளிர்நாட்டு ஆய்வகத்தில் 25 டிகிரியில் எடுத்த எண்களை நம் ஊர் வெயிலுக்கு அப்படியே நம்ப முடியாது என்று அழைப்பை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லி முடியாது.

இரண்டாம் படி: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். டிஆர்எல் என்று பெயர். 1 என்றால் அடிப்படைக் கருத்து, 9 என்றால் களத்தில் ஓடி நிரூபித்த பொருள். ஒவ்வொரு நிதித் திட்டமும் இந்த ஏணியில் சில படிகளுக்கு மட்டுமே. தப்பான வாசலைத் தட்டுவதால் போகும் விண்ணப்பங்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஏணியின் அடியில் இருக்கும் இளம் ஆசிரியர் என்றால் ஏஎன்ஆர்எஃப்-இன் பிரதமர் இளம் ஆய்வாளர் நிதிநல்கையை (திருப்பிக் கட்ட வேண்டாத நிதி) பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்திலோ தனியார் கல்லூரியிலோ இருப்பவர்களுக்கு 'ஷ்யூர்' என்ற தனித் திட்டம் உண்டு. அங்கே ஐஐடிக்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெரிய ஆய்வகம் இல்லாத பல்கலைக்கழகத்தை வலுவான நிறுவனத்தோடு சேர்க்கும் 'பேர்' திட்டத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஆசிரியர்களுக்கே தெரியாமல் இருக்கிறது.

மஹா-இவி தனியாள் விண்ணப்பத்துக்கான இடம் கிடையாது. பல நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து, தொழில்துறையையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். சிறிய கல்லூரி இதற்குத் தலைமை ஏற்பது கடினம். ஒரு கூட்டணிக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொள்வது சாத்தியம். "உங்கள் செல்லை 45 டிகிரியில் ஆயிரம் சுற்று ஓட்டித் தருகிறோம்" என்று சொல்லக்கூடிய ஆய்வகத்தை எந்தக் கூட்டணியும் வேண்டாம் என்று சொல்லாது.

பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தை மறந்துவிடுகிறார்கள். அதன் கணினி ஆராய்ச்சி நிறுவனமான திருவனந்தபுரம் சி-டாக் ஒருங்கிணைக்கும் நாம்பெட் என்ற தேசியத் திட்டம் பல ஆண்டுகளாக கன்வெர்ட்டர், சார்ஜர் பக்கத்து வேலைகளை வளர்த்துவருகிறது. பழைய பேட்டரியிலிருந்து லித்தியம், கோபால்ட் மீட்பதுதான் உங்கள் ஆய்வு என்றால் சுரங்க அமைச்சகத்தின் பக்கம் போங்கள். 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிமத் திட்டம் அனுமதி பெற்ற பிறகு அங்கே ஆர்வம் கூடியிருக்கிறது.

ஸ்டார்ட்அப் நடத்துபவருக்கு வழி வேறு. கையில் யோசனை இருக்கிறது, மாதிரி இன்னும் இல்லை என்றால் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையம் ஒன்றின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரி செய்ய 20 லட்சம் வரை நிதிநல்கை, சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ கடன் பத்திரமாகவோ என்பது ஏற்பாடு. விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று இன்குபேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சரையும் விட்டுவிட வேண்டாம். முதல் வகையில் 2 லட்சம், இரண்டாம் வகையில் 5 லட்சம் வரை. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற விதை நிதியும் இருக்கிறது. சிறிய தொகைதானே என்று நினைக்காதீர்கள். ஒரு பிஎம்எஸ் பலகையை மூன்று முறை திருத்தி அச்சிட்டுச் சோதிக்க இந்தப் பணம் தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மின்வாகனத்தில் நம் நாட்டுக்கென்றே இருக்கும் சிக்கல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். வெப்பத்தைப் பற்றி மேலே சொன்னேன். இரண்டாவது காந்தம். பெரும்பாலான மின்வாகன மோட்டார்களில் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. சூட்டில் அது காந்தத்தன்மையை இழக்காமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா இந்த இரண்டு உட்பட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், நம் ஊர் வாகன நிறுவனங்கள் உற்பத்தித் திட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை காந்த உற்பத்திக்காக 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. ஃபெரைட் காந்தம் வைத்த மோட்டார், காந்தமே இல்லாத ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் என்று ஆய்வு செய்பவர்களுக்கு இது நல்ல காலம். ஆனால் "அருமண் இல்லாத மோட்டார்" என்பது கேள்வி ஆகாது. "மூன்று கிலோவாட் ஸ்கூட்டர் மோட்டாரில் ஃபெரைட் போட்டால் முறுக்குவிசை அடர்த்தி எவ்வளவு குறையும், அதை ரோட்டர் வடிவத்தால் எவ்வளவு மீட்கலாம்" என்றால் அது கேள்வி.

மூன்றாவது பாதுகாப்பு. 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அதன்பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 தரநிலை திருத்தப்பட்டு, 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் இறுதியில் அடுத்த கட்டம் என்று கட்டாயமானது. ஒரு செல்லில் பிடித்த சூடு பக்கத்துச் செல்லுக்குப் பரவுவதைப் பற்றிய சோதனையும் இதற்குள் வந்தது. உங்கள் ஆய்வு எந்தத் தரநிலையின் எந்தச் சோதனையோடு தொடர்பு என்று ஒரு வரி எழுதினால், இந்த வேலை நாளைக்கு எங்கே போய்ச் சேரும் என்று மதிப்பீட்டாளருக்குப் புரிந்துவிடும்.

கேள்வியைச் சோதிக்க நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஆய்வு முடிந்த பிறகு வரப்போகும் முதல் வரைபடத்தை இப்போதே காகிதத்தில் வரையுங்கள். படுக்கை அச்சில் என்ன, நிற்கும் அச்சில் என்ன, எத்தனை கோடுகள்? வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

நான்காம் படி: கூட்டாளிகள்

காரைக்குடி சிக்ரி நம் மாநிலத்தில் இருப்பது பெரிய வரம். மின்வேதியியலுக்கென்றே இருக்கும் மத்திய ஆய்வகம் அது. சென்னை தரமணி வளாகத்திலும் லித்தியம் அயனி பேட்டரி வேலை நடக்கிறது. ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய அரசின் பொருளறிவியல் ஆய்வு நிறுவனமான ஏஆர்சிஐ-இன் வாகன எரிசக்திப் பொருள்கள் மையம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் ஜிஏஆர்சி மையம். இவர்களிடம் வெறும் கையோடு போகாமல், ஒரு பக்கக் குறிப்பும் மேலே சொன்ன வரைபடமும் எடுத்துப் போங்கள்.

நிறுவனங்களிடம் கடிதம் வாங்குவதில் ஒரு விஷயம். "இந்த ஆய்வை வரவேற்கிறோம்" என்ற கடிதத்தால் பெரிய பலன் இல்லை. "ஒரே பேட்ச்சைச் சேர்ந்த 40 செல்கள் தருகிறோம், எங்கள் பொறியாளர் மாதம் ஒருமுறை வருவார், முடிவை எங்கள் பேக்கில் சோதித்துப் பார்ப்போம்" என்று எழுதிக் கேளுங்கள். தயங்கினால், அவர்களுக்கு உண்மையில் ஆர்வம் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: வேலைத்திட்டமும் பட்ஜெட்டும்

விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளை மற்றவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல கேள்விகளும் விழுகின்றன.

எங்கள் கணக்கையே தருகிறேன். மூன்று வெப்பநிலைகள்: 25, 35, 45 டிகிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு விதமான சார்ஜ் வரம்பு. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று செல்கள், ஒரு செல்லின் முடிவை மட்டும் நம்ப முடியாது என்பதால். ஆக மொத்தம் 18 செல்கள். ஒரு சுற்று என்றால் சார்ஜுக்கு இரண்டு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு ஒன்று, இடையில் அரை அரை மணி ஓய்வு, கூட்டினால் நான்கு மணி நேரம். ஆயிரம் சுற்று என்றால் 4,000 மணி நேரம். அதாவது இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் 167 நாள், கிட்டத்தட்ட ஐந்தரை மாதம்.

முதலில் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று செல்களை மாறி மாறி சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்யும் எட்டு சேனல் சைக்ளர் ஒன்றும் வெப்பப் பெட்டி ஒன்றும் போட்டிருந்தோம். ஒரு பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வெப்பநிலைதான் வைக்க முடியும். அப்படியானால் ஆறு ஆறு செல்களாக மூன்று தடவை, பதினாறரை மாதம். மூன்று ஆண்டுத் திட்டத்தில் கருவி வந்து நிற்கவே ஒன்பது மாதம் ஆகலாம். ஒரு முறை மின்சாரம் போய் சோதனை பாழானால் மீண்டும் செய்ய நேரமே இருக்காது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு மூன்று சிறிய பெட்டிகள், 24 சேனல், நல்ல யுபிஎஸ் என்று மாற்றினோம். பட்ஜெட் கூடியது. ஆனால் ஏன் கூடியது என்று அரைப் பக்கத்தில் இந்தக் கணக்கையே எழுதினோம். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர்கூட அதைக் குறைக்கச் சொல்லவில்லை. தேவைக்கு மேல் கேட்பதைவிட, தேவைக்குக் குறைவாகக் கேட்பவர்மீது நிபுணர்களுக்குச் சந்தேகம் அதிகம் வரும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகையை உங்கள் விருப்பத்துக்கு எழுத முடியாது. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000 ரூபாய். இரண்டு ஆண்டு ஜேஆர்எஃப், மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் என்று போட்டால் 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. இதற்குக் குறைத்து எழுதி நல்ல மாணவரை இழக்க வேண்டாம். நுகர்பொருள் தலைப்பில் செல், இணைப்புப் பட்டை, சென்சார், பாதுகாப்பு உபகரணம் எல்லாம் வரட்டும். லித்தியம் பேட்டரியைச் சோதிக்கும் அறையில் தீயணைப்பு ஏற்பாடும் புகை வெளியேற்றியும் இருக்கின்றனவா என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள். இரவில் அந்த அறையில் இருக்கப்போவது உங்கள் மாணவர்.

இணைக்க வேண்டிய தாள்கள்: நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று, தலைமை ஆய்வாளரின் உறுதிமொழி, நகல் எடுக்கவில்லை என்ற சான்று. தனியார் கல்லூரி என்றால் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் பதிவு எண்ணும் தேவைப்படும். கையெழுத்து வாங்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கடைசி நாளில் இணையதளம் திணறும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். கல்லூரி முதல்வர் ஊரில் இல்லாமல் போகலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆறாம் படி: நேர்முகம்

மதிப்பீட்டுக் குழுவின் முன் பத்துப் பதினைந்து நிமிடம் பேசவிடுவார்கள். பாடம் நடத்த வேண்டாம், அவர்கள் அந்தத் துறையில் தலை நரைத்தவர்கள். முதல் ஸ்லைடில் கேள்வி, இரண்டாவதில் நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்த சிறு அளவீடு. எங்கள் வாசல் ஸ்கூட்டரின் வெப்பக் கோடு ஒரே ஒரு நாள் எடுத்ததுதான். ஆனால் அதைப் பார்த்ததும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. "இதை ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள்?", "செல் எங்கிருந்து வரும்?", "இரண்டாம் ஆண்டு இறுதியில் எதைக் காட்டுவீர்கள்?" என்ற மூன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்யாமல் தெளிவாக யோசித்து வையுங்கள்.

ஏழாம் படி: பணம் வந்த பிறகு

நிதி ஒதுக்கீட்டு ஆணையான சாங்ஷன் ஆர்டர் வந்ததும் மகிழ்ச்சியில் மேலோட்டமாகப் படித்துவிடுவோம். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு மாற்றலாம், கருவி யாருக்குச் சொந்தம், காப்புரிமை யாருக்கு, எல்லாம் அதில்தான் இருக்கும்.

கொள்முதல் விதிகள் பொது நிதி விதிகள் 2017-இன்படி நடக்கும். மத்திய அறிவியல் துறைகளின் கீழ் உள்ள நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் கொஞ்சம் தளர்த்தினார்கள். விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 25 லட்சமாகவும் உயர்ந்தது. உங்கள் கல்லூரிக்கு இது பொருந்துமா என்பதைக் கணக்கு அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதியாண்டு முடிந்ததும் யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ், ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில். கூடவே செலவு அறிக்கை. வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அது உங்களுடையது கிடையாது, பாரத்கோஷ் வழியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் திட்டத்தில் ஒரு முறை இந்த வட்டிக் கணக்கு சில நூறு ரூபாய் இடித்தது. அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த தவணை நான்கு மாதம் தள்ளிப்போய், ஜேஆர்எஃப் மாணவி சம்பளமில்லாமல் இருந்தார். அதன்பிறகு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் பில்களோடு உட்காருவதை நான் தவறவிடுவதில்லை.

எட்டாம் படி: காப்புரிமையும் அதற்கு அப்பாலும்

முடிவு நன்றாக வந்ததும் மாநாட்டில் சொல்லத் துடிக்கும். பொறுங்கள். வெளியில் சொல்லிவிட்டு பிறகு காப்புரிமை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைவு. தயங்கக் காரணமே இல்லை.

பொருளாக்கும் நிலைக்கு வந்துவிட்டால் நிதிநல்கை காலம் முடிந்தது, கடனும் பங்கும் தரும் காலம் தொடங்குகிறது. தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், அதாவது டிடிபி, திட்டச் செலவில் பாதி வரை 5 சதவீதத் தனிவட்டியில் கடன் தரும். 2025 ஜூலையில் அமைச்சரவை அனுமதித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆர்டிஐ நிதி டிஆர்எல் 4-இலும் அதற்கு மேலும் உள்ள வேலைகளுக்கு நீண்டகாலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ போகிறது, நிதிநல்கையாக இல்லை. பணம் இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள் வழியாக வரும். டிடிபியும் அவர்களில் ஒன்று. திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால் இங்கே பேராசிரியர் மட்டும் போய் உட்காரக் கூடாது. நிறுவனத்தின் ஆடிட்டரையும் கூட்டிப் போங்கள். ஏஐஎஸ்-156 சோதனையில் உங்கள் பேக் எப்படி நடந்துகொண்டது என்ற அறிக்கை அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.